ரோபோ கால்கள் நடக்க வைக்குமா? கழக்கூட்டத்து இயந்திரத்தைத் தேடிப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இப்படி ஒரு வீடியோ வந்திருக்கும். ட்ரெட்மில் மேல் ஒருவர் நிற்கிறார். இடுப்பிலும் தோளிலும் பட்டைகள் கட்டி மேலிருந்து தாங்கியிருக்கிறார்கள். இரண்டு கால்களோடும் இயந்திரக் கால்கள் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் பல வருடங்களாக அசையாத அந்தக் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு வைக்கின்றன. பக்கத்தில் நிற்கும் குடும்பம் அழுகிறது. கீழே "இனி வீல்சேர் தேவையில்லை" என்று யாரோ சேர்த்த ஒரு வரி.

அதை ஃபார்வர்டு செய்த மாமாவோ சித்தியோ அடுத்து உங்களிடம்தான் கேட்பார்கள், நீங்கள் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர் என்பதால். "இது திருவனந்தபுரத்துலதானே இருக்கு? நம்ம பையனைக் கூட்டிட்டுப் போனா நடந்துருவானா?"

இந்தக் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி, அடிபட்டவரின் பழைய மருத்துவ ஃபைலில் இருக்கிறது. அதற்குப் போகும் முன், இயந்திரம் என்னவென்று பார்த்துவிடலாம்.

சாக்கடையிலிருந்து மருத்துவமனைக்கு

கழக்கூட்டம், திருவனந்தபுரத்தின் வடக்கு முனை. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் இங்கேதான். அங்கே இயங்கும் ஜென்ரோபோடிக்ஸ் என்ற நிறுவனத்தின் முதல் தயாரிப்பை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் 'பாண்டிகூட்' ரோபோ. 2015-ல் கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்துபோனார்கள். அந்தச் சம்பவம்தான் தங்களை இந்தப் பக்கம் திருப்பியது என்று நிறுவனர்கள் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் குற்றிப்புரம் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அறிமுகமான பாண்டிகூட், பிறகு கும்பகோணம், கோவை என்று நம் ஊர்களுக்கும் வந்தது.

அதே குழு உருவாக்கிய நடைப்பயிற்சி ரோபோதான் 'ஜி-கெய்ட்டர்'. கேரள அரசு 2024 தொடக்கத்தில் திருவனந்தபுரம் அரசு பொது மருத்துவமனையில் இதை நிறுவியது. தனியார் துறையில் கொச்சி அமிர்தா மருத்துவமனையிலும் இருக்கிறது. உலக அளவில் இது முதல் முயற்சி அல்ல. சுவிட்சர்லாந்தின் 'லோகோமேட்' 2000-களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் இறக்குமதி இயந்திரத்தின் விலையில் அதை அரசு மருத்துவமனையில் வைப்பதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. உள்ளூரில் தயாரானதும் யோசிக்க முடிந்தது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமான செய்தி இதுதான்.

இது செய்யும் வேலை எளிமையானது. உடல் எடையின் ஒரு பகுதியை மேலிருந்து தாங்கிக்கொள்ளும். இடுப்பையும் முழங்காலையும் சரியான கோணத்தில், சரியான வரிசையில் மடக்கி நீட்டும். அதையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். கையால் இதைச் செய்ய நான்கு பிசியோதெரபிஸ்ட்கள்கூடத் தேவைப்படலாம்: ஒருவர் இடது காலை நகர்த்த, ஒருவர் வலது காலை, இன்னும் இருவர் உடம்பைப் பிடித்துக்கொள்ள. பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். ஜி-கெய்ட்டரில் 20 முதல் 45 நிமிடத்துக்குள் 900 முதல் 1,000 எட்டுகள் வைக்க முடியும் என்பது அதை அறிமுகப்படுத்தியபோது சொல்லப்பட்ட கணக்கு.

ஆக, இயந்திரம் தருவது எண்ணிக்கை. அந்த ஆயிரம் எட்டுகளைக் கால்களுக்குச் சொந்தமாக்கிக்கொள்ளும் நரம்புகள் மிச்சம் இருக்கின்றனவா என்பது வேறு விஷயம். அதற்குத்தான் ஃபைல்.

ஃபைலில் தேட வேண்டிய ஓர் எழுத்து

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை ஒரு தடித்த கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக் விபத்து, மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுவது, கட்டி, காசநோய் என எந்தக் காரணத்தாலும் அது நசுங்கலாம். நசுங்கிய இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை போகாது, கீழிருந்து தொடு உணர்வும் மேலே வராது. ஆனால் கேபிள் முழுதாக அறுபட்டிருக்க வேண்டும் என்று இல்லை. சில இழைகள் பிழைத்திருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் செய்யும் பரிசோதனையின் முடிவு ஓர் எழுத்தாக வரும். 'ஏசியா' தரம் என்பார்கள். 'ஏ' என்றால் முழுக் காயம்: தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் போய்ச் சேரும் மலவாய்ப் பகுதியில்கூட உணர்வோ அசைவோ இல்லை. 'பி' என்றால் உணர்வு இருக்கிறது, அசைவு இல்லை. 'சி' என்றால் கொஞ்சம் அசைவு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான தசைகளால் புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பைத் தூக்க முடியவில்லை. 'டி' என்றால் பாதிக்கும் மேற்பட்ட தசைகளால் முடிகிறது. 'ஈ' என்றால் இயல்புநிலை. மலவாயில் விரல் வைத்துப் பார்க்கும் சோதனை இதில் கட்டாயம். கூச்சத்தில் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பிழைத்த இழைகளுக்கு முதல் சாட்சி அங்கேதான் கிடைக்கிறது.

இந்த எழுத்துக்கும் நடைக்கும் உள்ள தொடர்பை ஐரோப்பிய மருத்துவமனைகள் பல வருடங்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கின்றன. அடிபட்ட சில நாட்களில் எடுத்த தரம், ஒரு வருடம் கழித்து நடை. 'ஏ' தரத்தில் இருந்தவர்களில் நடந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 'பி'யில் பத்துக்கு நான்கு பேர். 'சி'யில் ஆறு பேர். 'டி'யில் கிட்டத்தட்ட எல்லோரும். இந்தக் கணக்கில் பெரும்பாலும் ரோபோ கிடையாது, வழக்கமான சிகிச்சைதான்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அந்த வாட்ஸ்அப் வீடியோவை மறுபடி பாருங்கள். திரையில் இருப்பவர் 'டி' தரத்தில் இருந்தவரா, 'ஏ' தரத்தில் இருந்தவரா? அடிபட்டு இரண்டு மாதமா, ஆறு வருடமா? இரண்டையும் சொல்லாத வீடியோ எதையும் நிரூபிப்பதில்லை. 'ஏ' தரத்தில் இருப்பவரின் காலையும் இயந்திரம் அழகாகவே நகர்த்தும். நகர்த்துவது மோட்டார்.

சரி, ரோபோ உதவுகிறதா இல்லையா?

ஆய்வுகள் இங்கே கொஞ்சம் கசப்பானவை.

எடையைத் தாங்கி ட்ரெட்மில்லில் நடக்க வைக்கும் யோசனை பூனைகளிடமிருந்து வந்தது. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனையை ட்ரெட்மில்லில் தாங்கிப் பிடித்தால் அதன் பின்னங்கால்கள் நடக்கும். நடையின் தாளம் மூளையில் மட்டுமல்ல, தண்டுவடத்திலும் பதிந்திருக்கிறது. மனிதர்களிடமும் அந்தத் தாளத்தை எழுப்பிவிடலாமே என்ற நம்பிக்கையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2006-ல் வந்தது. தண்டுவடம் முழுதாக அறுபடாத, அடிபட்டு எட்டு வாரத்துக்குள் இருந்த 146 பேர். பாதிப் பேருக்கு ட்ரெட்மில், மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் தரையில் சாதாரண நடைப்பயிற்சி. ஆறு மாதத்தில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே எதிர்பார்த்ததைவிட நல்ல முடிவைத் தந்தன.

பக்கவாதம் வந்தவர்களிடம் 2011-ல் வெளியான இன்னொரு ஆய்விலும் (408 பேர்) இதே கதை. ட்ரெட்மில்லில் பயிற்சி பெற்றவர்களும், வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். ஒரு வருட முடிவில் மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி மேலே போயிருந்தது.

அப்போ ரோபோ வீணா? இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகான இயந்திர நடைப்பயிற்சி பற்றி காக்ரேன் அமைப்பு 2020-ல் 62 ஆய்வுகளை, 2,440 பேரின் தரவை ஒன்றாகத் தொகுத்தது. வழக்கமான பிசியோதெரபியோடு இயந்திரத்தையும் சேர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடியது. அதிகப் பலன் யாருக்கு? பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கும், பயிற்சி தொடங்கும்போது கொஞ்சமும் நடக்க முடியாதவர்களுக்கும்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: பலன் தருவது ஏராளமான எட்டுகள், சீக்கிரமாக. நான்கு பிசியோதெரபிஸ்ட்களைத் தினமும் ஒரு நோயாளிக்கு ஒதுக்க முடிந்தால் ரோபோ தேவைப்படாமல் போகலாம். நம் ஊர் அரசு மருத்துவமனையில் அது நடக்காத காரியம். ரோபோவின் இடம் அந்த இடைவெளியில்தான்.

தண்டுவடக் காயத்தில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் வருகிறது. பிறகு வேகம் குறையும், ஒன்றரை வருடம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரலாம். நம்மிடம் என்ன நடக்கிறது? அறுவை சிகிச்சை முடியும், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிசியோ பண்ணுங்க" என்று டிஸ்சார்ஜ் எழுதுவார்கள். அந்த விலைமதிப்பற்ற ஆறு மாதம் ஒரு கட்டிலில் போய்விடும். வீடியோவைப் பார்த்துக் கிளம்புவது மூன்றாம் வருடத்திலோ ஆறாம் வருடத்திலோ.

பழைய காயத்துக்கும் முன்னேற்றம் சாத்தியமா என்றால், சிலருக்குச் சாத்தியம். 'சி', 'டி' தரத்தில் இருப்பவர்கள் வருடங்கள் கழித்துப் பயிற்சி எடுத்தும் வேகத்திலும் தூரத்திலும் சிறிய லாபங்களைப் பெறுகிறார்கள். 2023-ல் உலகமே பேசிய நெதர்லாந்துக்காரர் கெர்ட்-யான் ஓஸ்காம் 2011-ல் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அவர் மூளையிலும் தண்டுவடத்திலும் கருவிகளைப் பதித்து, இரண்டையும் கணினி வழியே இணைத்து நடக்க வைத்தார்கள். ஆனால் அவருக்கும் தண்டுவடம் முழுதாக அறுபடவில்லை. அந்தச் சிகிச்சை இன்னமும் ஆய்வுக்கூடத்து விஷயம், ஆஸ்பத்திரி விலைப்பட்டியலில் இல்லை.

'நடப்பது' என்றால் என்ன?

ஆய்வாளர்கள் நடையை வேகத்தால் அளக்கிறார்கள். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குள் நடக்கலாம். 0.8-ஐத் தாண்டினால்தான் வெளியே தாராளமாகப் போய்வரலாம். சாலை சிக்னல்களை வடிவமைப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் பாதசாரி வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 12 மீட்டர் அகலச் சாலையை நீங்கள் 10 நொடியில் கடப்பீர்கள். 0.4 வேகத்தில் நடப்பவருக்கு 30 நொடி வேண்டும். பச்சை விளக்கு அவருக்காகக் காத்திருக்காது.

காலிபர் மாட்டி, கக்கத்துக்கட்டையை ஊன்றி, இரண்டு கால்களையும் சேர்த்து வீசி நடப்பதும் நடைதான். அதற்குச் செலவாகும் உடல் சக்தி மிக அதிகம். மருத்துவமனையில் பழகிவிட்டு, வீட்டுக்குப் போனதும் காலிபரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீல்சேருக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அதைத் தோல்வி என்று குடும்பம் நினைக்கிறது. அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு அது சரியான கணக்கு.

2004-ல் அமெரிக்காவில் தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம், எந்தத் திறன் திரும்ப வந்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்று கேட்டார்கள். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கை வேண்டும் என்றார்கள். கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்களின் முதல் தேர்வு பாலியல் வாழ்க்கை. இரண்டு தரப்பும் சிறுநீர், மலக் கட்டுப்பாட்டுக்கு மிக முக்கிய இடம் கொடுத்தன. நடை முதலிடத்தில் இல்லை. நம் வீடுகளில் இந்தக் கேள்வியை அடிபட்டவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? "எப்போ நடப்பான்?" என்பதைத் தவிர வேறெதுவும் காதில் விழுந்த ஞாபகம் எனக்கு இல்லை.

வேலூரும் ஆய்க்குடியும்

1954 ஜனவரி. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக மருத்துவர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கேரளத்துப் பெண், மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தில் இருந்தவர். மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் பிரிவில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி 1963-ல் அதற்கான துறையை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த மையம்தான், தண்டுவடக் காயம் பட்டவர்கள் மாதக்கணக்கில் தங்கி வாழ்க்கையைப் புதிதாகப் பழகும் இடம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே கதீட்டர் போட்டுக்கொள்வது, கண்ணாடி வைத்து முதுகுப் பக்கத் தோலைப் பார்ப்பது. வீட்டுக்குப் போனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'ரீஹேப் மேளா'வுக்குத் திரும்பி வந்து பரிசோதனை செய்துகொண்டு, விளையாடிவிட்டுப் போகிறார்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு கை கால்கள் செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்து எடுத்ததுதான் அந்த 'அமர்'. 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். கிராமத்து ஆட்களுக்கான தண்டுவடக் காய மறுவாழ்வு அங்கே நடக்கிறது. நெல்லை, தென்காசிக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தைவிட இது பக்கம்.

ரோபோ இல்லாத காலத்தில் தொடங்கிய இந்த இரண்டு இடங்களும் ஓர் உண்மையை வைத்து இயங்குகின்றன. தண்டுவடக் காயம் பட்டவரை ஆபத்தில் தள்ளுவது நடக்க முடியாத கால் கிடையாது. படுக்கைப் புண்ணும், சிறுநீரகம்வரை போகும் தொற்றும்தான். இரண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

கிளம்பும் முன்

ஃபோனில் கேட்டே பாதி முடிவு செய்துவிடலாம். ஃபைலில் கடைசியாக எழுதப்பட்ட தரம் என்ன, எப்போது எழுதியது? பழையதென்றால், மறுவாழ்வு மருத்துவர் ஒருவரிடம் புதிதாக எழுதி வாங்குங்கள். படுக்கைப் புண் இருந்தால் முதலில் அது ஆற வேண்டும், பட்டைகள் அழுத்திப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். முழங்காலோ கணுக்காலோ மடங்கி இறுகிப்போயிருந்தால் இயந்திரத்தில் பொருந்தாது. வருடக்கணக்கில் எடை தாங்காத எலும்பு மெலிந்திருக்கும், நிற்க வைத்தால் முறியக்கூடும். அதனால் எலும்பு அடர்த்திச் சோதனை பற்றிக் கேளுங்கள். நிமிர்த்தியதும் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், அதனால் சாய்வுப் பலகையில் படிப்படியாகப் பழக்குவார்கள். காயம் நடு முதுகுக்கு மேலே என்றால், சிறுநீர்ப்பை நிரம்பியதுகூட ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். கடுமையான தலைவலி, முகம் சிவப்பது, வியர்ப்பது எல்லாம் அதன் அறிகுறி, உடனே உட்கார வைக்க வேண்டும்.

மையத்திடம் கேட்க வேண்டியது: வாரத்துக்கு எத்தனை அமர்வு, எத்தனை வாரம், எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பீர்கள், முன்னேற்றம் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம். ஒரு வாரம் போய் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு வருவதால் பயன் இல்லை. நாகர்கோவிலில் இருந்து போவதென்றாலும் பலமுறை அலைய வேண்டும், இல்லையென்றால் அங்கே வீடெடுத்துத் தங்க வேண்டும். கூடவே இருக்கப் போகிறவருக்கு லீவு யார் கொடுப்பது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடக்கலாம்" என்று லட்சங்களில் பேசுபவர்களும் இதே குடும்பங்களைத்தான் தேடுகிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம்செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டுக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்துக்கு வேறு உபயோகம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி மையம் 2019-ல் 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தது. உட்கார்ந்திருப்பவர் தானே நெம்பி நின்றுகொள்ளலாம். அறிமுக விலை சுமார் 15,000 ரூபாய். அதே மையத்தில் பிறந்த 'நியோபோல்ட்', வீல்சேரின் முன்னால் பூட்டினால் சாலையில் ஓடும் வண்டியாகிவிடும். வீட்டு வாசலில் ஒரு சாய்தளம், வீல்சேர் நுழையும் அகலத்தில் பாத்ரூம் கதவு என்று இரண்டையும் ஒரு கொத்தனார் சில நாட்களில் முடித்துத் தருவார்.

காகித வேலைகளில் முதலாவது யு.டி.ஐ.டி. அட்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், கேரளத்திலும். தமிழ்நாட்டில் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பிசியோதெரபி உள்ளிட்ட சேவைகளை ஒரே இடத்தில் தர 'விழுதுகள்' மையங்களை அரசு திறந்து வருகிறது, உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடிபட்டு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இதில் எதற்கும் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம். வேலூருக்கோ ஆய்க்குடிக்கோ திருவனந்தபுரத்துக்கோ, எது பக்கமோ அங்கே நாளைக்கே ஒரு ஃபோன் போடுங்கள்.